கை எங்கிருந்தது?

மீலாது மேடைகளில் நம் சொற்பொழிவாளர்கள் தவறாமல் கூறுவதொன்று உண்டு. கை கழுவுவதன் அருமையை மேலை மருத்துவம் நேற்றுத்தான் கண்டதாம். நமக்கோ பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒளுவின் வாயிலாகக் கற்பிக்கப்பட்டுவிட்டதாம். கூட்டம் தக்பீர் முழங்கும். நாம் கேட்கிறோம்: முன்பே கற்றவர், பின்னர்க் கற்றவரைவிட மேம்பட்டு நிற்க வேண்டாமா? நம்மவர் நடத்தும் மருத்துவமனைகளில் நோயாளியின் கட்டிலருகே குழாயும் சோப்பும் உண்டா என்று அம்மேடைகளில் எவரேனும் வினவியதுண்டா?

உறங்கி எழுந்தவர் கையைக் கழுவாமல் தண்ணீர்ப் பாத்திரத்தில் இடலாகாது எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இரவில் அக்கை எங்கிருந்தது என்பதை அவர் அறியார் என்பதே அவர்கள் காட்டிய காரணம். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ் இது. கையில் அழுக்குத் தெரிகிறதா என்பதன்று, கை எங்கிருந்தது என்பதே இங்குக் கேள்வி.

இக்கேள்வியைக் கேளாததால் வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் தாய்மார் மாண்டனர். அங்கே இரண்டு பிரசவப் பிரிவுகள். ஒன்றில் மருத்துவ மாணவரும், மற்றொன்றில் மருத்துவச்சியரும் பயின்றனர். 1846இல் முதற்பிரிவில் நூற்றுக்குப் 11 தாய்மார் இறந்தனர். மற்றதில் மூவருக்கும் குறைவு. பிணவறையில் சடலம் அறுத்த கையோடு மாணவரும் மருத்துவரும் பிரசவ அறைக்கு வருவதே காரணமென 1847இல் உணர்ந்தார் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர். குளோரின் சேர்ந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவப் பணித்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18ஆக இருந்த சாவு, ஜூனில் இரண்டளவில் நின்றது. ஆயினும் மருத்துவருள் பலர் அவரை ஏற்கவில்லை. தம் கையே தாய்மாரைக் கொன்றது என்று ஒப்ப அவர்களுக்கு மனம் வரவில்லை. 1865இல் மனநோய் விடுதியில் அவர் உயிர் பிரிந்தது.

அந்த அகந்தை இன்று நம்மிடம் வேறு வேடம் பூண்டுள்ளது. ‘ஐவேளை ஒளுச் செய்யும் கையல்லவா இது’ என்கிறோம். பிறருடைய புண்ணின் சீழ் நம் கையிற் பட்டால் ஒளு முறிவதில்லை. பட்ட இடத்தைக் கழுவ வேண்டும் என்பதே ஃபிக்ஹு. ஆகவே ஒளு இருப்பது கை சுத்தமாயிருப்பதற்குச் சான்றாகாது. ஒவ்வொரு நோயாளியையும் தொடுமுன்னும் தொட்டபின்னும் கை தூய்மை பெறவேண்டும்.

தண்ணீர் அருகில் இல்லாதபோது உதவும் ஆல்கஹால் கலந்த கைத்திரவத்தை நஜீஸ் என ஒதுக்குவோரும் உளர். 2002இல் மக்காவில் கூடிய ராபித்தாவின் ஃபிக்ஹு மன்றம், கிருமிகளைக் கொல்ல உடலின் மேற்புறத்தில் அதைப் பயன்படுத்தலாம் எனத் தீர்மானித்ததை அவர்கள் அறியட்டும்.

உலகின் மருத்துவ நிலையங்களுள் பாதியில் அடிப்படைக் கைத்தூய்மை வசதி இல்லையென 2022இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் அறிவித்தன. பள்ளிவாசலுக்கு ஹவுள் கட்டிக்கொடுக்கும் செல்வர்களே, பிரசவ அறையில் நீங்கள் வைக்கும் ஒரு குழாயும் சதக்கா ஜாரியாவே! பச்சிளங் குழந்தையை ஏந்த விரையும் தாய்மாரே, நோய் விசாரிக்கச் செல்லும் பெரியோரே, முதலில் உங்கள் கையைக் கழுவுங்கள்.

மேடையேறும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களூர் மருத்துவமனைக்குச் சென்று குழாயைத் திருகிப் பாருங்கள். தண்ணீர் வந்தால், அதன்பின் பெருமை பேசுங்கள்.