"போய் வருகிறேன்" என்று சொல்லாத வீடு

சில வாரங்களுக்கு முன் பிலிமத்தலாவையிலே ஒரு துக்க வீட்டுக்கு எம்முடன் வந்த மாணவன் ஒருவன், புறப்படும் வேளையிலே பழக்கத்தினால் "போய் வருகிறேன்" என்று கூறிவிட்டான். இருந்தவர்கள் திடுக்கிட்டனர். வீட்டுப் பெரியவர் மாத்திரம் "போ, தம்பி" என்று சொல்லி அவன் தோளைத் தொட்டார். வழியிலே அவன், "நான் என்ன பிழை சொன்னேன், சேர்?" என்று கேட்டான்.

அன்றாடம் மங்கலமான அச்சொல் மரண வீட்டுக்கு ஆகாது. 'வருகிறேன்' என்றால், இத்தகைய துயரத்துக்கு மறுபடியும் வருவேன் என்று பொருள்பட்டுவிடுமே என நம்மவர் அஞ்சினர். ஆதலாலே சொல்லாமல் எழுந்து போவர்.

இவ்வச்சம் நமக்கு மட்டும் உரியதன்று. யப்பானியர், இறுதிச் சடங்குக்கு முந்திய இரவை 'ட்சுயா' என்பர்; இரவு முழுவதும் என்பது அதன் கருத்து. ஊதுவத்தியும் விளக்கும் அணையாது காத்து உறவினர் விழித்திருப்பது பழைய வழக்கம். அங்கே ஆறுதல் கூறுவோர் 'மீண்டும் மீண்டும்' போன்ற இரட்டைச் சொற்களை விலக்குவர். துன்பம் திரும்பலாகாது அல்லவா? காணிக்கைப் பணத்திலே புத்தம்புது நோட்டும் வையார். மரணத்தை எதிர்பார்த்து ஆயத்தஞ் செய்ததுபோல் ஆகிவிடுமாம்!

நம் சொற்களையும் நோக்குவோம். இன்று வசையாகிவிட்ட 'இழவு' என்ற சொல், இழத்தல் என்பதிலிருந்து பிறந்தது. 'ஒப்பாரி' என்பதற்கு ஒப்புமை என்ற பொருளும் உண்டு. போனவரை எதற்கெல்லாமோ ஒப்பிட்டுத்தானே பெண்கள் அழுகின்றனர்? எம் அயலிலுள்ள சிங்கள மக்கள் துக்க வீட்டை 'மள கெதர' என்பர். அடுப்பு மூட்டாத அவ்வீட்டுக்கு அயலார் சமைத்துக் கொண்டுவரும் சோற்றுக்கு 'மள பத' என்று தனிப்பெயரே உண்டு. தோட்டத்து லயங்களிலே தப்பொலியும் ஒப்பாரியும் கேட்க, வெறுந்தேநீர் அருந்தி விடியுமட்டும் கூட இருப்பர். மொழி வேறாயினும், துயருற்றோரைத் தனியே விடலாகாது என்ற எண்ணம் ஒன்றே.

இன்று மலர்ச்சாலைகள் பெருகிவிட்டன. யப்பானிலும் அவ்விரவு பெரும்பாலும் ஓரிரு மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. 2020 ஆம் ஆண்டிலே கொரோனாவினால் மாண்டோரின் உடல்களை வீட்டுக்குக் கொண்டுவரவும் நம் நாட்டிலே இடமிருக்கவில்லை. அருகிருந்து ஓர் இரவு காக்க முடியாமற்போன வேதனை பல குடும்பங்களில் இன்னும் ஆறவில்லை. அப்போதுதான் பலர் இவ்வழக்கத்தின் அருமையை உணர்ந்தனர்.

மாணவனுக்கு நாம் கூறியது இதுதான்: "நீ சொன்ன சொல் தவறாயினும், நீ வந்தது சரியே. அடுத்தமுறை பேசாமல் எழுந்து வா. ஆனால், எழுவதற்கு முன் இன்னுஞ் சற்று நேரம் இருந்துவிட்டு வா."