மைதானத்தில் நம் பிள்ளைகள். பயிற்சியாளர் இடத்தில் யார்?

கல்லூரிகள் திறந்த வாரத்தில், கோவிலம்பாக்கத்தில் நம் வீட்டுக்கு ஒரு தம்பி வந்தார். காலனிப் பிள்ளை. கோடையில் ஏரி வற்றினால், இரண்டு கல்லை நட்டுக் கோல் கம்பமாக வைத்துப் பந்து விளையாடிப் பழகியவர். புறநகர்க் கல்லூரி ஒன்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தார். படிப்பு முடிந்ததும் அதே கல்லூரியின் கால்பந்து அணிக்கு உதவிப் பயிற்சியாளர் ஆனார். ஆறு ஆண்டுகள் அந்த வேலையில் இருந்தார்.

இந்த ஆண்டு அங்கே உடற்கல்வி இயக்குநர் மாறினார். புதியவர் பொறுப்பேற்ற மூன்றாம் நாள், "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று தம்பிக்குப் போனில் தகவல் வந்தது. நீக்கியதற்கான ஆணை எங்கே என்று கேட்டோம். "எடுத்தப்பவே ஆர்டர் தரலண்ணா, அனுப்பறப்ப எப்படித் தருவாங்க?" என்றார். மாதாமாதம் அவர் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கிய வவுச்சரில் 'மைதானப் பராமரிப்பு' என்றுதான் எழுதியிருந்ததாம். கொண்டுவந்த ஃபைலில் கோப்பையோடு அணி நிற்கும் படங்கள் இருந்தன. எல்லாப் படத்திலும் அவர் ஓரத்தில் நிற்கிறார். பயிற்சியாளர் என்று அவர் பெயர் அச்சான தாள் ஒன்றுகூட அதில் இல்லை.

பஞ்சமி நிலம், சுடுகாட்டுப் பாதை என்று எத்தனையோ வழக்குகள் கிடக்கும்போது, ஒரு கல்லூரியின் உதவிப் பயிற்சியாளர் வேலை பெரிய விஷயமா என்று சிலர் கேட்கலாம். பெரிய விஷயம்தான். விளையாட்டில் யார் ஓட வேண்டும், யார் விசில் ஊத வேண்டும் என்பது இந்த வேலையில்தான் முடிவாகிறது. இங்கே நுழைந்தவர்தான் நாளைக்குத் தலைமைப் பயிற்சியாளர், தேர்வுக் குழு உறுப்பினர், சங்க நிர்வாகி. இந்த முதல் படியில் நம்மவர் கால் வைக்க முடியாவிட்டால் மேலே ஏறும் பேச்சே இல்லை.

தலைவர் மாறினால் துணையும் மாறுவது

தலைமை மாறினால் உதவியாளர்களும் மாறுவது விளையாட்டு உலகில் வழக்கம்தான். உதவியாளருக்கு எல்லை வகுப்பதும் வழக்கம்தான். சென்னையின் எஃப்.சி. அணியில் 2022 பிப்ரவரியில் தலைமைப் பயிற்சியாளர் போசிதார் பாண்டோவிச் பாதியில் நீக்கப்பட்டார். உதவிப் பயிற்சியாளராக இருந்த, இந்திய அணியின் முன்னாள் வீரர் சபீர் பாஷா இடைக்காலப் பொறுப்பேற்று மீதி ஆட்டங்களை நடத்திக் கொடுத்தார். அடுத்த பருவத்துக்குத் தலைமைப் பயிற்சியாளராக ஜெர்மனியைச் சேர்ந்த தாமஸ் பிரடாரிச் வந்தார். நெருக்கடியில் வண்டியை இழுக்க உதவியாளர், நிரந்தர நாற்காலிக்கு வேறொருவர். இதில் சாதி இருப்பதாக நாம் சொல்லவில்லை. உதவியாளர் பதவி எவ்வளவு நிலையில்லாதது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

இந்த நிலையில்லாத பதவியில் சமூகப் பாகுபாடும் கலந்தால் என்ன ஆகும் என்று பார்க்க அமெரிக்காவுக்குப் போக வேண்டும். அங்கே கல்லூரிக் கால்பந்து என்பது கையில் பந்தை ஏந்தி ஓடும் வேறு விளையாட்டு. லட்சம் பேர் உட்காரும் அரங்கங்களைக் கல்லூரிகளே வைத்திருக்கின்றன. முதல்நிலைக் கல்லூரிகள் மட்டும் 130க்கும் மேல். ஒவ்வொரு டிசம்பரிலும் தலைமைப் பயிற்சியாளர்கள் மாறுவார்கள். அவர்களோடு உதவியாளர் கூட்டமே மூட்டை கட்டும். ஆடுபவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் கறுப்பின இளைஞர்கள். தலைமைப் பயிற்சியாளர்களிலோ பத்தில் ஒருவர் அளவுதான் கறுப்பினத்தவர்.

நடுவில் என்ன நடக்கிறது? உதவிப் பயிற்சியாளர்களில் கறுப்பினத்தவர் நிறையவே உண்டு. ஆனால், பந்தோடு ஓடுபவர்களுக்கும் பந்தைப் பிடிப்பவர்களுக்கும் பயிற்சி தரும் வேலைதான் பெரும்பாலும் அவர்களுக்கு வருகிறது. ஆட்டத்தின் திட்டத்தை வகுக்கும் ஒருங்கிணைப்பாளர் பதவி பெரும்பாலும் வெள்ளையருக்குப் போகிறது. தலைமைப் பயிற்சியாளரைத் தேடும்போது அந்த ஒருங்கிணைப்பாளர்களிலிருந்துதான் எடுக்கிறார்கள். இன்னொரு வேலையும் கறுப்பின உதவியாளர் தலையில் விழும்: ஏழைக் கறுப்பினக் குடும்பங்களுக்குப் போய், தாயாரிடம் பேசி, பிள்ளையைக் கல்லூரி அணிக்கு அழைத்து வருவது. வீட்டுக்குப் போய்ப் பேச அவர் வேண்டும். முடிவெடுக்கும் அறையில் வேண்டாம்.

சில்வெஸ்டர் குரூம் 1976இல் அலபாமா பல்கலைக்கழகத்தில் உதவியாளராகத் தொடங்கினார். அங்கேயே ஆடியவர். 2003இல் அதே அலபாமாவின் தலைமைப் பதவிக்குப் போட்டியிட்டபோது வேறொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த டிசம்பரில் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. தென்கிழக்குக் கூட்டமைப்புக் கல்லூரிகளின் வரலாற்றில் முதல் கறுப்பினத் தலைமைக் கால்பந்துப் பயிற்சியாளர் அவர்தான். உதவியாளராக 27 ஆண்டுகள் காத்திருந்து பெற்ற இடம் அது.

மறுபக்கமும் உண்டு. 2021 நவம்பர் இறுதியில் நாட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் பிரையன் கெல்லி வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். தடுப்பாட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த மார்கஸ் ஃப்ரீமேன் அப்போது 35 வயதுக்காரர். அந்தக் கல்லூரிக்கு வந்தே ஓராண்டு ஆகவில்லை. அவரையே தலைவராக்க வேண்டும் என்று மாணவ வீரர்கள் நின்றார்கள். டிசம்பர் முதல் வாரத்தில் அவருக்குப் பதவி கிடைத்தது. 2025 ஜனவரியில் தேசிய இறுதி ஆட்டத்துக்கு அணியை அழைத்துச் சென்ற முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். இறுதியில் ஒகாயோ மாநில அணியிடம் 34-23 என்று தோற்றார்கள். ஆனாலும், தலைமை அனுபவம் இல்லை என்று சொல்லி அவரை ஒதுக்கியிருந்தால் அந்த மேடையே கிடைத்திருக்காது. தலைமை அனுபவம் தலைமைப் பதவியில் உட்கார வைத்தால்தானே வரும்?

சாதி சொல்லாமலே சாதி

நம் தம்பி விஷயத்துக்கு வருவோம். அவரிடம் யாரும் சாதி கேட்கவில்லை. புதிய இயக்குநர் தனக்குத் தெரிந்த இரண்டு பேரை அழைத்துக்கொண்டார், அவ்வளவுதான். தெரிந்தவர்கள் யார்? கூடப் படித்தவர், ஒரே விடுதியில் இருந்தவர், ஊர்க்காரர், உறவுக்காரர். ஊரும் சேரியும் தனித்தனியாகக் கிடக்கும் மண்ணில் ஒருவருக்குத் 'தெரிந்தவர்கள்' எந்தத் தெருவிலிருந்து வருவார்கள் என்பதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? விளம்பரம் இல்லாமல், விண்ணப்பம் இல்லாமல், போனில் ஆள் எடுக்கும் எல்லா இடத்திலும் சாதி இப்படித்தான் சத்தமில்லாமல் வேலை செய்கிறது.

பல்வங்கர் பாலுவை நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மராட்டியத்தில் செருப்புத் தைக்கும் சாதி என்று ஒதுக்கப்பட்ட குடும்பம். புனேயில் வெள்ளையர் கிளப்பில் மாதம் 4 ரூபாய் சம்பளத்துக்கு ஆடுகளத்தைப் பராமரித்தார். வலைப் பயிற்சியில் துரைமார்களுக்கு மணிக்கணக்கில் பந்து வீசினார். மட்டையை மட்டும் அவர் கையில் கொடுக்கவில்லை. பின்னால் இந்துக்கள் அணிக்கு ஆடியபோது, இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே தேநீர் குடிக்க, அவருக்கு வெளியே மண் குவளையில் கொடுத்தார்கள். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை எடுத்தவர் அவர். கேப்டன் பதவி கடைசிவரை தரப்படவில்லை. அவருடைய தம்பி விட்டல் 1923இல் அந்த இடத்துக்கு வந்தார். 1932 பூனா ஒப்பந்தத்தில், நம் பரங்கிமலையில் பிறந்த எம்.சி.ராஜா, மதுராந்தகம் பக்கத்து இரட்டைமலை சீனிவாசன் ஆகியோரோடு பாலுவின் கையெழுத்தும் இருக்கிறது.

ஆடுகளம் பராமரிக்க ஆள், பந்து வீச ஆள் என்று அன்றைக்குப் பாலுவுக்குக் கணக்கு எழுதினார்கள். இன்றைக்கு நம் தம்பியின் வவுச்சரில் 'மைதானப் பராமரிப்பு' என்று எழுதுகிறார்கள்.

சட்டம் எட்டாத இடம்

தமிழ்நாட்டில் 69 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறதே என்று கேட்கலாம். பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம், அதற்குள் அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1 சதவீதம். உண்மைதான். ஆனால் அரசு உதவி பெறும் தனியார் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர் பணியிடம் பெரும்பாலும் ஒன்றே ஒன்று. ஒற்றைப் பணியிடத்துக்கு இடஒதுக்கீடு கிடையாது என்று 1998இல், சண்டிகர் மருத்துவ ஆய்வு நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துவிட்டது. கல்லூரியைத் தனி அலகாக எடுத்தால் நம் முறை வரவே வராது. சுயநிதிக் கல்லூரிகளின் வேலைகளுக்கோ இடஒதுக்கீடு எட்டவே இல்லை. உதவிப் பயிற்சியாளர் என்பது பெரும்பாலான கல்லூரிகளில் அனுமதிக்கப்பட்ட பணியிடமே அல்ல. நிர்வாகம் தன் கையிலிருந்து தரும் மதிப்பூதியம்.

அலகை எப்படி எடுக்கிறோம் என்பதில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதை 2018இல் பார்த்தோம். பல்கலைக்கழகத்தை அல்லாமல் துறையை அலகாகக் கொள்ளுங்கள் என்று அந்த மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு கடிதம் எழுதியது. சிறிய துறைகளில் நமக்கான இடங்கள் காணாமல் போயின. நாடு முழுவதும் ஆசிரியர்களும் மாணவர்களும் தெருவில் இறங்கிய பிறகு, 2019இல் மத்தியக் கல்வி நிறுவனங்களுக்குத் தனிச் சட்டம் வந்தது. நிறுவனம் முழுவதும் ஒரே அலகு என்றானது. விளையாட்டுப் பணிகளுக்கும் இப்படிப்பட்ட ஏற்பாடுதான் தேவை. ஒரு பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் உதவி பெறும் கல்லூரிகளின் உடற்கல்விப் பணியிடங்களை ஒன்றாகச் சேர்த்துச் சுழற்சி முறையில் நிரப்பட்டும்.

தற்காலிக வேலைதானே என்ற சாக்கும் செல்லாது. மத்திய அரசுப் பணிகளில் 45 நாளோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிக நியமனத்துக்கே இடஒதுக்கீடு உண்டு என்பது பழைய விதி. ஆறு ஆண்டு உழைத்தவருக்கு ஒரு தாள்கூட இல்லை என்பதை எதில் சேர்ப்பது?

தன் குழுவைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை தலைமைப் பயிற்சியாளருக்கு வேண்டாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒத்துப்போகாத இருவர் ஓர் அணியை நடத்த முடியாது. ஆனால், வெளிப்படையாக அறிவித்து வந்த பட்டியலிலிருந்து அவர் தேர்ந்தெடுக்கட்டும். அமெரிக்காவில் வெஸ்ட் கோஸ்ட் கூட்டமைப்பு 2020இல் 'ரசல் விதி' கொண்டுவந்தது. கூடைப்பந்து மாமன்னர் பில் ரசலின் பெயர். தலைமைப் பயிற்சியாளர் மட்டுமின்றி, முழுநேர உதவிப் பயிற்சியாளர் பணிக்கும் இறுதிப் பட்டியலில் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் ஒருவராவது இருக்க வேண்டும் என்கிறது அந்த விதி. தேர்ந்தெடுக்கும் உரிமையை அது பறிக்கவில்லை. பார்க்காமலே ஒதுக்கும் வசதியைத்தான் பறித்தது.

உதவிப் பயிற்சியாளர் மாறுவதில் மாணவருக்கும் இழப்பு உண்டு. எந்தப் பையன் காலையில் சாப்பிடாமல் வருகிறான், எந்தப் பெண்ணுக்கு ஊருக்குப் போகும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, யார் கிழிந்த ஸ்டட்ஸை மறைத்துக்கொண்டு ஆடுகிறார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஒரே போனில் இந்த அறிவையும் சேர்த்துத்தான் வெளியே அனுப்புகிறார்கள்.

நாம் கேட்பது

உதவிப் பயிற்சியாளர் வேலையை ஒவ்வொரு கல்லூரியும் பகிரங்கமாக அறிவிக்கட்டும். குறைந்தது ஓராண்டுக்கு எழுத்துப்பூர்வ நியமனம் தரட்டும். இயக்குநர் மாறினாலும் அந்தக் காலம்வரை வேலை தொடரட்டும். சம்பளச் சீட்டில் செய்யும் வேலையின் பெயரே இருக்கட்டும்.

அடுத்தது சான்றிதழ். கால்பந்தில் டி, சி, பி, ஏ, புரோ என்று உரிமத்தின் படிகள் நீள்கின்றன. ஒவ்வொரு படிக்கும் கட்டணம், தங்கும் செலவு, அந்த நாட்களில் இழக்கும் கூலி. 'தகுதி' என்ற சொல் நம்மவரை இந்தப் படிகளில்தான் மடக்குகிறது. பட்டியல் சாதி இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி தரும் தாட்கோ, பயிற்சியாளர் உரிமப் படிப்புகளையும் தன் பட்டியலில் சேர்த்து முழுச் செலவையும் ஏற்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒன்று. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. அரசுக் கல்லூரி, உதவி பெறும் கல்லூரி எதுவானாலும் பத்து ரூபாய்க் கட்டணத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: எங்கள் அணிகளுக்குப் பயிற்சி தருபவர்கள் யார், எந்த முறையில் எடுத்தீர்கள், எந்தக் கணக்கில் சம்பளம் தருகிறீர்கள்? பதில் வந்தால் நமக்கும் அனுப்புங்கள்.

நம் கோவிலம்பாக்கம் வழியாகப் போகும் இருநூறடிச் சாலை துரைப்பாக்கத்தில் முடிகிறது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் கண்ணகி நகர். நகரத்திலிருந்து விரட்டப்பட்டவர்களைக் குடிவைத்த இடம். அந்த மண்ணின் கார்த்திகா 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் கபடித் தங்கம் வென்ற அணியில் ஆடினார். ஊரே கொண்டாடியது. கொண்டாடியவர்களிடம் ஒன்று கேட்கிறோம்: இன்னும் பதினைந்து ஆண்டு கழித்து அந்தத் தெருக்களின் பிள்ளைகள் ஆட்டம் முடிந்து பயிற்சியாளராக நினைக்கும்போது, கையில் ஆணையோடு ஒரு வேலை காத்திருக்குமா?

நம் தம்பி இப்போது பகலில் பைக்கில் பார்சல் கொடுக்கிறார். மாலையில் ஏரிக்கரையில் காலனிப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறார். சம்பளம் இல்லை. அடுத்த வாரம் அந்தக் கல்லூரிக்கு அவரோடு நாமும் போகிறோம். ஆறு ஆண்டு வேலை செய்ததற்கான சான்று கேட்டு மனு எழுதியாகிவிட்டது. அதில் அவர் பெயருக்குக் கீழே 'உதவிப் பயிற்சியாளர்' என்று எழுதியிருக்கிறோம்.