வாசிச்சவர் தெரியும், செஞ்சவர்?

டி.என். ராஜரத்தினம் பிள்ளை பேரை நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. அவருக்கு நாயனம் செஞ்ச நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியை எத்தனை பேருக்குத் தெரியும்?

பழைய திமிரி நாயனத்தில் சுத்த மத்தியமம் சரியா பேசாது. அது பேசுற மாதிரி, நீளம் கூடின பாரி நாயனத்தை அவர் உருவாக்கினார். மரம் ஆச்சா; அதுவும் பழைய வீட்டு உத்திரம், தூண்னு வருஷக்கணக்கா காய்ஞ்சது. டிசைன், மெட்டீரியல், டெஸ்டிங்னு நாம படிக்கிறது எல்லாமே அந்தப் பட்டறையில நடந்திருக்கு.

2022-ல நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. நல்லதுதான். ஆனா அது ஊர்ப் பேரைத்தான் காப்பாத்தும். பொதட்டூர்பேட்டை தறியிலயும் இதே கதைதான்: பையில கடை பேரு இருக்கும், நெய்தவர் பேரு இருக்காது.

சரி, உங்க ப்ராஜெக்டுக்கு லேத்ல பீஸ் கடைஞ்சு கொடுத்த அண்ணன் பேரு ரிப்போர்ட்ல இருக்கா? இல்லன்னா, பைண்டிங் போடுறதுக்கு முன்னாடி சேர்த்துடுங்க.