மண்ணுக்குச் சான்றிதழ், முதுகுக்கு என்ன?



சென்ற கூட்டத்தில் நம் இளைஞர் ஒருவர் எழுந்து, "இயற்கைக் காப்பி பணக்காரர் நாக்குக்கு, நமக்கு எதற்கு அந்தப் பேச்சு?" என்று கேட்டார். கைதட்டலும் கிடைத்தது. தப்பான கேள்விக்குக் கிடைத்த கைதட்டல்!

நாக்கு வேறொருவருடையதாக இருக்கலாம். குடகிலும் சிக்மகளூரிலும் மருந்து டாங்கியைச் சுமந்த முதுகு யாருடையது? தண்டுத் துளைப்பானுக்கு லிண்டேன், காய்த் துளைப்பானுக்கு எண்டோசல்பான் என்று கையுறைகூட இல்லாமல் அடித்தவர்கள் நம் அப்பன்மார். எண்டோசல்பானுக்கு 2011-இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. லிண்டேன் 2013-இல் நின்றது. அதுவரை மூச்சில் ஏறியதற்கு யாரிடம் கணக்குக் கேட்பது? விஷமில்லாத தோட்டம் முதலில் தொழிலாளியின் கோரிக்கை. பிறகுதான் காப்பி குடிப்பவனுடையது.

ஆனால் உள்ளே இருக்கும் கணக்கைப் பாருங்கள். களைக்கொல்லி போனால் களை எடுப்பது கை. துளைப்பான் முட்டையிடாதிருக்க அராபிகாத் தண்டின் பட்டையைத் தேய்த்து விடுவது கை. துளை விழுந்த செடியைத் தேடிப் பிடுங்கி எரிப்பதும், உதிர்ந்த பழத்தை ஒன்று விடாமல் பொறுக்குவதும், சாணமும் பழத்தோலும் சேர்த்து எரு போடுவதும் கைதான். இலைத் துருவுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவைக்கு அனுமதி உண்டு. அதை அடிப்பதும் நாமே. புட்டி செய்த வேலை ஆளிடம் திரும்பிவிட்டது. புட்டிக்குக் கொடுத்த காசு எங்கே போயிற்று?

மாற்றக் காலம் 3 ஆண்டு. மருந்தை விட்டாயிற்று, விளைச்சல் இறங்குகிறது, சான்றிதழ் விலை இன்னும் வரவில்லை. 3 ஏக்கர்க்காரர் அந்தப் பாரத்தை எங்கே இறக்குவார்? ஆள்கூலியில்தான். அவரைத் துரை என்று திட்டிப் பயனில்லை. அவர் மனைவியும் நம் பெண்களோடு கூடை கட்டிப் பழம் பறிக்கிறார். குழுச் சான்றிதழோ பல இடங்களில் வாங்குகிற வியாபாரியின் பிடியில் இருந்து வந்திருக்கிறது. காகிதம் அவர் பெட்டியில் கிடந்தால் விவசாயி வேறு யாரிடம் போய் விலை பேசுவார்?

அரக்குப் பள்ளத்தாக்கைப் பார் என்கிறார்கள். பார்த்தோம். அங்கே ஆதிவாசிக் குடும்பம் தன் நிலத்தில் தானே பறிக்கிறது. கூடுதல் விலை வந்தால் பறித்த கைக்கு வர வழியுண்டு. குடகில் நிலம் ஒருவருடையது, கை இன்னொருவருடையது. இதை மறைத்துவிட்டு அரக்குவைப் பாடுவது புரட்டு!

சட்டமும் நம்மைத் தேடி வரவில்லை. 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் 1981-இல் திருத்தப்பட்ட பிறகும் 5 ஹெக்டேருக்குக் கீழே தானாக இறங்கவில்லை. லயன் வீடும் பிள்ளைக் காப்பகமும் பெரிய எஸ்டேட்டோடு நின்றன. அங்கேயும் எந்த லட்சணத்தில் இருந்தன என்பது உங்களுக்குத் தெரியும்.

சான்று தர வருகிற ஆய்வாளர் எருக்குழியைக் கிளறுகிறார், கொட்டகையில் காலிப் புட்டி தேடுகிறார். கூலிப் பேரேட்டையும் அதே கண்ணோடு புரட்டட்டும். கூடுதல் விலையில் இத்தனை பங்கு கூலிக்கு என்று குழு ஒப்பந்தத்திலேயே எழுதட்டும். சிறு விவசாயிகளோடு நம் சங்கம் ஒரே பாயில் உட்கார்ந்து, நவம்பரில் அராபிகாப் பறிப்பு தொடங்குமுன் இதைப் பேசி முடிக்க வேண்டும். மடிக்கேரி, சோமவாரப்பேட்டைப் பக்கம் வேலைக்குப் போகிற குடும்பங்கள் போன பருவத்துக் கூலிச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். சீட்டே தராத இடமென்றால் பறித்த கிலோவையும் வாங்கிய காசையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்.