கார்புரேட்டர் செய்த குற்றம் என்ன?

பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கோபம் வந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். வண்டி கிளம்பவில்லையென்றால் உடனே கார்புரேட்டரைக் கழற்றச் சொல்கிறீர்களே, அது செய்த குற்றம் என்ன?

ஊரில் எது களவு போனாலும் முதலில் அடிபடுகிறவன் ஏழை. இங்கும் அதே நியாயந்தான். பிளக்கில் கரி படிந்திருக்கும், பாயிண்ட் தேய்ந்திருக்கும், கண்டென்ஸர் செத்துப் போயிருக்கும். கார்புரேட்டரோ கைக்கெட்டும் இடத்தில், திருகாணிகளை நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஆகவே அதற்கு அடி! நான் பார்த்தவரையில், அதன்மேல் சுமத்தப்பட்ட குற்றங்களில் பாதிக்குமேல் மின்பொறி செய்தவை.

இத்தனைக்கும் அது மாயமந்திரம் அல்ல. சிறு கிண்ணத்தில் ஒரு மிதவை, பெட்ரோலை ஒரே மட்டத்தில் வைக்கிறது. எஞ்சின் மூச்சை இழுக்கும்போது குறுகிய தொண்டை வழியே காற்று விரைகிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. ஜெட்டின் துளை வழியே பெட்ரோல் எழும்பிக் காற்றோடு கலக்கிறது. எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று. என்ஃபீல்டு இந்தியா 1955-ல் சென்னையில் பிறந்த காலத்து ஆமல் ஆனாலும், பின்னாளில் வந்த மிக்கார்ப் ஆனாலும், சாஸ்திரம் இதுவே.

ஆட்சிப் பிரிவினையும் தெளிவானது. ஆக்ஸிலரேட்டரை எட்டில் ஒரு பங்கு திருகும்வரை பைலட் ஜெட். கால் பங்குவரை ஸ்லைடின் அடிவெட்டு. காலிலிருந்து முக்கால்வரை ஊசி. அதற்குமேல் மெயின் ஜெட். வண்டி எந்த இடத்தில் திணறுகிறது என்று கவனித்தாலே குற்றவாளி அகப்பட்டுவிடுவான். முழு வேகத்தில் இருமும் வண்டிக்கு ஐட்லிங் திருகாணியைத் திருப்புவது, தலைவலிக்குக் காலில் தைலம் தேய்ப்பதாகும்.

அடுத்த பாவம், கம்பி. கிளட்ச் கேபிளில் ஓர் இழையை உருவி ஜெட்டைக் குடைகிறார்கள். ஆமல் ஜெட்டில் பொறித்த எண், சோதனையில் நிமிஷத்துக்கு அதன் வழியே எத்தனை சி.சி. பாய்கிறது என்பதன் கணக்கு. பித்தளை மெத்தென்ற உலோகம். கம்பி பட்டதும் துளை அகன்று, எண் பொய்யாகிவிடும். பெட்ரோலில் கழுவிக் காற்றால் ஊதினால் போதாதா?

மெக்கானிக்கை மட்டும் நான் குறை கூறமாட்டேன். "மைலேஜ் வேண்டும், சீக்கிரம் முடி" என்று அவன் தலைமேல் நிற்பவர் யார்? பெட்ரோலைக் குறைத்தால் கலவை மெலியும், எஞ்சின் கொதிக்கும், பிளக் வெளுத்து அதைச் சொல்லும். பிஸ்கட் நிறம் ஆரோக்கியம், கரிக்கறுப்பு அஜீரணம், வெள்ளை காய்ச்சல். லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் மிச்சம் பிடித்துவிட்டு, பிஸ்டன் இறுகிப்போனபின் அழுது பயன் என்ன?

இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது ஈரத்தை உறிஞ்சும். பழைய ரப்பரை அரிக்கும். அதே ஜெட்டில் கலவையையும் சற்று மெலிவிக்கும். இதற்கும் கார்புரேட்டரைத் தூக்கியெறிவதா? மாதக்கணக்கில் வண்டி நிற்குமானால் கிண்ணத்தைக் காலி செய்யுங்கள், ரப்பரை மாற்றுங்கள், பிளக் வெளுத்தால் ஜெட்டை ஒரு படி பெரிதாக்குங்கள்.

"2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் புது புல்லட்டில் கார்புரேட்டரே கிடையாது. இனி இதைக் கற்று என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. புது வண்டியில் பிழையைத் திருத்த ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது, ஐயா. உங்கள் பழைய வண்டிக்கு இருப்பது நீங்கள் ஒருவர்தான். கைவிட்டுப் போகிற வித்தையைக் காப்பாற்ற முடியாதவர், வண்டிக்கு மெருகு பூசிப் படம் எடுத்துக்கொள்வதில் என்ன பெருமை இருக்கிறது?

முதலில் பிளக்கைப் பாருங்கள். பிறகு பாயிண்டைப் பாருங்கள். திருகாணிமேல் கை வைப்பது கடைசி வேலையாக இருக்கட்டும்.