லோ வோல்டேஜும் மோட்டார் காயிலும்

"உங்களுக்குத்தான் இலவச கரண்ட் ஆச்சே, அப்புறம் என்ன குறை?" சென்னையிலிருந்து வர்றவங்க எல்லாரும் கேக்குற கேள்வி இது. 1990-லிருந்து விவசாய மோட்டாருக்கு பில் இல்லை, வாஸ்தவம். ஆனா காயில் கட்டுறதுக்கு பில் இருக்கே!

உங்க வீட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்குங்க. 230 வோல்ட், 1000 வாட். வாட்டை வோல்ட்டால் வகுத்தா சுமார் 4.3 ஆம்பியர். வோல்ட்டை அந்த ஆம்பியரால் வகுத்தா தடை, சுமார் 53 ஓம். வோல்டேஜ் 200-க்கு இறங்கினா ஆம்பியரும் இறங்கும், 755 வாட்தான் கிடைக்கும். சட்டைச் சுருக்கம் சரியாப் போகாது, அவ்வளவுதான்.

மோட்டார் அப்படி இல்லை. தண்ணியைத் தூக்கியே ஆகணும்னு நிக்கும். வோல்ட் குறைஞ்சா ஆம்பியரைக் கூட இழுக்கும். 5 ஹெச்பி மோட்டார் 415 வோல்ட்டில் 8 ஆம்பியர் எடுத்தா, 340-ல் 10-ஐ நெருங்கிடும். காயில்ல ஏறுற சூடு, ஆம்பியரை அதே ஆம்பியரால் பெருக்கி, தடையாலும் பெருக்கினா வர்றது. ஏறினது 2 ஆம்பியர்தான், சூடு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு!

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல பெரிய ஆலைங்க உயர் அழுத்த லைன்ல வாங்கி, சொந்த டிரான்ஸ்பார்மர்ல இறக்கிக்குது. நாங்க லைன் கடைசி. கம்பிக்கும் தடை உண்டு. நீளம் கூடக் கூட வழியிலேயே வோல்ட் கரையும். நடவு நேரத்துல எல்லா மோட்டாரும் ஒண்ணா ஓடினா கேக்கவே வேணாம்.

ஸ்டார்ட்டர்ல ஓவர்லோட் ரிலே வையுங்கன்னு சொல்றாங்க. வைக்கணும்தான். அது மோட்டாரை நிறுத்திக் காப்பாத்தும், பயிருக்குத் தண்ணி யாரு பாய்ச்சுறது? வயலுக்குப் பக்கத்துல இன்னொரு டிரான்ஸ்பார்மர் வேணும். இலவசத்தோட சேர்த்து அதையும்தான் கேக்குறோம்.