பத்மினிக்கு நரம்பு மாத்தியாச்சு

தலைப்பைப் பார்த்துட்டு நாட்டியப் பேரொளியைப் பத்தின்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும். இது பிரீமியர் பத்மினி. காட்கோபர்ல எங்க பில்டிங் காம்பவுண்டுல, ரெண்டு வெள்ளைக் காருக்கு நடுவுல ஒல்லியா நிக்குற 1984 மாடல். கீழ்வீட்டு குஜராத்திப் பெரியவர் பையனோட போய்த் தங்கினப்போ, "உங்க ஊர்க்காரங்களுக்குத்தான் பழசைத் தூக்கிப் போட மனசு வராது"ன்னு சொல்லி என் தலையில கட்டிட்டுப் போனார். திருநெல்வேலிக்காரன் சந்தோஷமா வாங்கிக்கிட்டேன்.

வாங்கினதும் என்ன பண்ணுவோம்? எல்லாரும் பண்றதைத்தான் நானும் பண்ணினேன். பெயின்ட் அடிச்சேன், பம்பருக்குக் குரோம் ஏத்தினேன், சீட்டுக்குப் புது உறை போட்டேன். ரோட்டுல போறவங்க போன்ல படம் எடுத்தாங்க. பெருமை தாங்கலை.

அடுத்த மழைக்காலத்துல ஒரு ராத்திரி எல்.பி.எஸ். மார்க்ல, வித்யாவிஹார் பக்கம் டிராபிக்ல மாட்டிக்கிட்டோம். ஹெட்லைட், வைப்பர், பாட்டு எல்லாம் ஓடிக்கிட்டிருந்துச்சு. பின்சீட்டுல இருந்த என் பொண்ணு, "அப்பா, ஏதோ பிளாஸ்டிக் கருகுது"ன்னா. குனிஞ்சு பார்த்தா டேஷ்போர்டுக்கு அடியிலேர்ந்து புகை. அவளை இறக்கி ஓரமா நிக்க வெச்சுட்டு பானெட்டைத் தூக்கினேன். பேட்டரி கிளாம்ப் கையாலேயே கழண்டு வந்துச்சு. சரியா முறுக்காம விட்ட என் சோம்பேறித்தனம் அன்னிக்கு எங்களைக் காப்பாத்துச்சு. அது இறுக்கமா இருந்திருந்தா ஸ்பேனர் தேடிக்கிட்டு நின்னிருப்பேன். நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

கார் குர்லாவுல ஒரு பழைய எலக்ட்ரிக் மிஸ்திரிகிட்ட போச்சு. வயசு எழுபதுக்கு மேல. நான் அவரை சாச்சாம்பேன். அவர் என்னை அண்ணாம்பார். மும்பையில மதராசின்னா வயசு வித்தியாசமில்லாம அண்ணாதான். :-)

டேஷ்போர்டைக் கழட்டினதும் எனக்குப் பேச்சே வரலை. வயருக்கு மேல இருந்த உறை பழைய அப்பளம் மாதிரி, வளைச்சா உடையுது. உள்ள செம்பு கறுத்துப் போயிருந்துச்சு. இத்தனை வருஷத்துல பாட்டுப் பெட்டி, ஃபேன், ரிவர்ஸ் ஹாரன்னு யார் யாரோ மாட்டினதெல்லாம் ஒரே வயர்ல முறுக்கி டேப் சுத்தியிருந்துச்சு. கொடுமை என்னன்னா, ஒரு ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு யாரோ அதுமேல சிகரெட் பாக்கெட்டு வெள்ளித்தாளைச் சுத்திவிட்டிருந்தாங்க. ஃபியூஸ் இருக்கறதே வயர் எரியறதுக்கு முன்னாடி தான் எரிஞ்சு போறதுக்குத்தான். அதை எரிய விடாம பண்ணினா அடுத்து எரியறது வயர், அப்புறம் வண்டி.

பழைய கார் பிரியர்கள் ரெண்டு மூணு பேர்கிட்ட சொன்னேன். "ஐயோ, ஒரிஜினல் வயரிங்கை மாத்தாதீங்க, மதிப்பு போயிடும். கருகின இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுங்க"ன்னாங்க. இங்கதான் நான் மாறுபடறேன். ரப்பர் டயரை மாத்துறோம், ஆயிலை மாத்துறோம். அதை யாரும் ஒரிஜினல் போச்சுன்னு சொல்றதில்ல. வயர் உறையும் அப்படித் தேயற பொருள்தான். பி.வி.சி.யை வளைய வைக்கிற ரசாயனம் சூட்டுல வருஷக்கணக்கா வெளியேறிப் போயிடும். இந்த ஊர் உப்புக்காத்துல செம்பும் சும்மா இருக்காது. கருகின இடம் கண்ணுக்குத் தெரிஞ்ச இடம், அவ்வளவுதான். மத்ததெல்லாம் முறை வர்றதுக்குக் காத்திருக்கு.

சாச்சா பண்ணின விதம் அழகு. பேட்டரியைக் கழட்டி வெளியில வெச்சார். ஒவ்வொரு வயருக்கும் துணி ஒட்டி நம்பர் போட்டார். பழைய கட்டை அப்படியே உருவி, ஒரு பலகையில விரிச்சு ஆணியடிச்சு, அதே நீளம், அதே கிளை, முடிஞ்ச வரைக்கும் அதே நிறத்துல புது வயரை ஓட்டினார். முனையெல்லாம் முறுக்கி டேப் சுத்தாம டெர்மினல் வெச்சு நசுக்கினார். எர்த் உட்கார்ற இடத்துல பெயின்டைச் சுரண்டி இரும்பைக் காட்டினார். இன்ஜின் பக்கம் போற ஓட்டைக்குப் புது ரப்பர் வளையம். பாட்டுப் பெட்டிக்குத் தனி ஃபியூஸ். ஒவ்வொரு இணைப்பா டெஸ்ட் பல்பு வெச்சுப் பார்த்துட்டுத்தான் அடுத்ததைத் தொட்டார்.

அவர் சேர்த்த ஒரே புதுமை ஹெட்லைட்டுக்கு ரிலே. 55 வாட் பல்பு ரெண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 9 ஆம்பியர். அதைப் பழைய சுவிட்ச் வழியா நீளமா இழுத்தா வழியிலேயே வோல்ட் குறையும். 5 சதவீதம் குறைஞ்சாலே வெளிச்சம் சுமார் 15 சதவீதம் போயிடும். ரிலே போட்டா சுவிட்ச் கட்டளை மட்டும் கொடுக்கும். பளு வேற வழியில போகும். நாளைக்கு வேண்டாம்னா கழட்டிடலாம்.

இந்தக் கார் பிறந்ததும் இதே குர்லாவுலதான். வால்சந்த் ஹிராசந்த் 1944-ல ஆரம்பிச்ச பிரீமியர் ஆட்டோமொபைல்ஸோட தொழிற்சாலை இருந்த இடத்துல இப்போ கோஹினூர் சிட்டி கட்டடங்கள் நிக்குது. 2003 அக்டோபர் 29-ல பதிவான கடைசி பத்மினி டாக்ஸி, 20 வருஷ வரம்பு முடிஞ்சு 2023 அக்டோபர் 30-லேர்ந்து ரோட்டுக்கு வரலை. அன்னிக்கு ஊரே காலி-பீலிக்குக் கண்ணீர் விட்டுச்சு. நானும்தான். ஆனா அத்தனை வருஷமும் அந்த டாக்ஸிகளை ராத்திரியோட ராத்திரியா ஓட வெச்ச வயரிங் மிஸ்திரிகளுக்காக யாரும் ஒரு வரி எழுதினதா எனக்கு ஞாபகம் இல்ல.

சட்டமும் வயரைப் பார்க்கறதில்ல. 50 வருஷம் தாண்டின வண்டிகளை விண்டேஜ்னு பதிவு பண்ண 2021-ல மத்திய அரசு விதி கொண்டு வந்துச்சு. சேஸி, பாடி, இன்ஜின்ல பெருசா மாத்தியிருக்கக் கூடாதுங்குது. நல்லது. வயரிங் பத்தி அங்க பேச்சு இல்ல. ஃபிட்னஸ் சோதனைக்கு என் வண்டி போனப்போ விளக்கு எரியுதான்னு பார்த்தாங்க. ஃபியூஸ் பாக்ஸ் மூடியை யாரும் திறக்கலை. வெள்ளித்தாளோடயே பாஸ் ஆன வண்டி என்னோடது! வயசைப் பார்த்து வண்டியை ஒதுக்கறதை விட, மூடியைத் திறந்து பார்க்க அஞ்சு நிமிஷம் செலவு பண்ணினா நிறைய உயிர் பிழைக்கும்.

நான் சொல்ல வர்றது இதுதான். பழைய காருக்குப் பணம் ஒதுக்கினா முதல்ல வயருக்கு, அப்புறம்தான் பெயின்டுக்கு. மிஸ்திரிகிட்ட பெயின்டருக்குக் கொடுத்ததை விடக் கம்மியாப் பேரம் பேசாதீங்க. நான் பேசினேன்; இப்போ வெட்கமா இருக்கு.

வேலை முடிஞ்ச அன்னிக்கு சாச்சா பழைய வயர்க்கட்டை ஒரு சாக்குல போட்டு என்கிட்டயே கொடுத்தார். "தூக்கிப் போடாதே அண்ணா. அடுத்த தடவை நான் இருக்க மாட்டேன். செய்யறவனுக்கு இதுதான் வரைபடம்"ன்னார். நம்பர் ஒட்டின துணியெல்லாம் அப்படியே இருக்கு. பரண்ல வெச்சிருக்கேன்.

பொண்ணு இப்பவும் வண்டியில ஏறினதும் முதல்ல மூக்கை உறிஞ்சிப் பார்க்கறா. அந்தப் பழக்கம் போக நாளாகும்.